‘இந்தியக் குடும்பத்துக்கு மட்டும்’ என்று விளம்பரம் போடலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் பதினான்கு வருடமாக இருக்கிறோம். குடியிருக்கும் வீடு போக, பக்கத்திலேயே ஒரு டவுன்ஹவுஸ் வாங்கி வாடகைக்கு விடுகிறோம். போன மாதம் அது காலியானது. என் கணவர் நம்மவர்கள் இருக்கும் வாட்ஸப் குழுவில் ‘இந்தியக் குடும்பத்துக்கு மட்டும், சைவமாக இருந்தால் நல்லது’ என்று போட்டார். வாசலில் ‘வாடகைக்கு’ என்று ஒரு போர்டும் வைத்தோம். போர்டைப் பார்த்து முதலில் வந்தவர் ஒரு கறுப்பினப் பெண். நர்ஸ், இரண்டு பிள்ளைகள், கிரெடிட் ஸ்கோர் 738. விண்ணப்பத்தோடு சம்பளச் சீட்டும் கொடுத்துவிட்டார். மூன்று நாள் கழித்து, கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பதி கேட்டார்கள். அவர்களுக்கு இங்கே கிரெடிட் ஸ்கோரே இல்லை. ஆனால் கணவர் அவர்களுக்குத்தான் என்கிறார். கறுப்பர்கள் வந்தால் அந்த வரிசையே விலை இறங்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். கல்லூரி அட்மிஷனிலேயே இனம் பார்க்கக்கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது, இனி என்ன சலுகை என்றும் பேசுகிறார். நர்ஸிடம் ‘வீடு போய்விட்டது’ என்று சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லையாம். இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மகள், பதினோராம் வகுப்பு, “இது ரேசிசம் அப்பா” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாளாக அவரோடு பேச்சில்லை. நம் வீட்டை நம் ஆட்களுக்குக் கொடுப்பது குற்றமா? நாமும் இங்கே சிறுபான்மைதானே?
– பெயர் வேண்டாம், எடிசன்

சகோதரிக்கு வணக்கம்.

அவசரம் கருதி இந்தப் பதிலின் சுருக்கத்தை உங்களுக்குத் தனியே அனுப்பிவிட்டேன். இதே கேள்வியோடு வருடத்துக்கு நாலைந்து பேராவது என் வக்கீல் அலுவலகத்துக்கு வருவதால், விரிவாக இங்கே எழுதுகிறேன்.

அந்த நர்ஸிடம் ‘வீடு போய்விட்டது’ என்று சொல்லவேண்டாம். போனிலும் வேண்டாம், மெசேஜிலும் வேண்டாம். வாட்ஸப் விளம்பரத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். ஆனால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தடயத்தை அழித்தார்கள் என்று பின்னால் பேச்சு வந்தால் அது தனி வம்பு.

உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். முகத்துக்கு நேரே ‘உனக்குத் தரமாட்டேன்’ என்பதைவிட ஒரு சின்னப் பொய் மேல் என்று நினைத்திருப்பார். நம்மூரில் தினமும் நடப்பதுதான். ஆனால் இங்கே ‘ஃபேர் ஹவுசிங் ஆக்ட்’ என்று சொல்கிற 1968ஆம் வருடச் சட்டத்தில் அந்தப் பொய்க்கென்றே தனியாக ஓர் உட்பிரிவு இருக்கிறது. காலியாக இருக்கும் வீட்டை, கேட்பவரின் இனம், நிறம், மதம், பூர்வீகம் முதலியவற்றைப் பார்த்துக் காலியில்லை என்று சொல்வதே தவறு. மறுத்ததற்கு ஒரு குற்றம், பொய்க்கு இன்னொன்று.

இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு. வர்ஜீனியாவில் ரிச்மண்ட் நகரை ஒட்டிய ஹென்ரிகோ கவுன்ட்டியில், அடுக்குமாடி வீடுகளை வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றிடம் ஒரு கறுப்பினப் பெண்ணும் ஒரு வெள்ளைக்காரரும் தனித்தனியாகப் போய் வீடு கேட்டார்கள். வெள்ளைக்காரருக்குக் காலியிருக்கிறது என்றார்கள், கறுப்பினப் பெண்ணுக்கு இல்லை என்றார்கள். உண்மையில் இருவருக்குமே வீடு தேவையில்லை. வீட்டு உரிமை அமைப்பு ஒன்று சோதித்துப் பார்க்க அனுப்பிய ஆட்கள். வீடே வேண்டாதவர் எப்படி வழக்குப் போடலாம் என்று நிறுவனம் கேட்டது. உண்மையான தகவலைப் பெறுவதே அந்தப் பெண்ணின் உரிமை, பொய் சொன்ன அந்த நிமிடமே அவருக்குத் தீங்கு நேர்ந்துவிட்டது என்று 1982இல் நீதிமன்றம் சொன்னது. வெள்ளைக்காரருக்குச் சோதனையாளர் என்ற முறையில் வழக்குரிமை இல்லை. அவரிடம் யாரும் பொய் சொல்லவில்லையே!

இந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. நியூ ஜெர்சி அட்டர்னி ஜெனரலின் கீழ் இருக்கும் சிவில் உரிமைகள் பிரிவும் ஆள் அனுப்பும், தனியார் அமைப்புகளும் அனுப்பும். மூன்று மணிக்கு ஒருவர் போன் செய்வார். சம்பளம், வேலை, பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் சொல்வார். ஐந்து மணிக்கு வேறொருவர், கிட்டத்தட்ட அதே விவரங்களோடு. வேறுபாடு பெயரிலும் குரலிலும் மட்டும் இருக்கும். நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எழுதிவைக்கப்படும். மாநிலச் சட்டப்படி முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10,000 டாலர் வரை போகலாம். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடும் அவருடைய வக்கீல் செலவும் அதற்கு மேல். அந்த நர்ஸ் சோதனைக்கு வந்தவர் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளோடு வீடு தேடும் அம்மாவாகத்தான் இருப்பார். ஆனாலும் போர்டு இன்னும் வாசலிலேயே நிற்பதை அவரும் பார்ப்பார்தானே?

எனக்கு அந்தப் போர்டு பழக்கம். 1996இல் சட்டம் படிக்க வந்த புதிதில் ஒரு வீட்டுக்குப் போன் செய்தேன். என் உச்சரிப்பைக் கேட்டதும் ஒரு சின்ன இடைவெளி. ‘நேற்றுத்தான் போயிற்று’ என்றார் அந்த அம்மா, மிகவும் மரியாதையாக. அடுத்த வாரம் பஸ்ஸில் அந்தத் தெருவைக் கடக்கும்போது பார்த்தேன். ஜன்னலில் அதே அட்டை, மழையில் ஓரம் சுருண்டுபோய் இருந்தது. இத்தனை வருடத்தில் பெரிய பெரிய வழக்கெல்லாம் மறந்துவிட்டது. அந்தச் சுருண்ட ஓரம் மறக்கவில்லை.

சரி, ‘நம் வீடுதானே’ என்ற கேள்விக்கு வருவோம். மத்தியச் சட்டத்தில் சின்ன வீட்டுக்காரர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. மூன்று வீட்டுக்கு மேல் இல்லாதவர் ஏஜென்ட் இல்லாமல் தனி வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு சலுகை, நாலு குடித்தனத்துக்குள் இருக்கும் கட்டடத்தில் தானும் குடியிருந்தால் ஒரு சலுகை. யாரோ உங்கள் கணவருக்கு இதைச் சொல்லியிருக்கலாம். மூன்று காரணங்களால் அது உங்களுக்கு உதவாது. முதலாவது, விலக்கு இருக்கிறவர்கூட இனத்தைக் குறிப்பிட்டு விளம்பரம் செய்யக்கூடாது. உங்கள் வாட்ஸப் வரியிலேயே அது போய்விட்டது. இரண்டாவது, நியூ ஜெர்சியின் சட்டம் இன்னும் இறுக்கமானது. இரண்டு குடித்தன வீட்டில் ஒன்றில் ஓனரே குடியிருந்தால், அல்லது தான் வசிக்கும் வீட்டில் ஓர் அறையை விட்டால், ஏறக்குறைய அவ்வளவுதான் விலக்கு. நீங்கள் அந்த டவுன்ஹவுஸில் குடியில்லை. மூன்றாவது, 1866ஆம் வருடச் சட்டம் ஒன்று. அடிமை முறை ஒழிந்த மறுவருடம் வந்தது. சொத்தை வாங்க, விற்க, வாடகைக்கு எடுக்க வெள்ளைக் குடிமக்களுக்கு இருக்கும் அதே உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்கிறது. நூறு வருடம் தூங்கிக்கொண்டிருந்த அந்தச் சட்டம் தனியார் வீட்டுக்காரர்களையும் கட்டுப்படுத்தும் என்று 1968 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செயின்ட் லூயிஸ் புறநகரில் வீடு மறுக்கப்பட்ட ஒரு கறுப்பினத்தவர் போட்ட வழக்கு அது. இனம் என்று வந்துவிட்டால் இந்தச் சட்டத்தில் சின்ன வீட்டுக்காரர் பெரிய வீட்டுக்காரர் என்ற பேதமே கிடையாது.

‘சைவமாக இருந்தால் நல்லது’ என்பதையும் பேசிவிடுவோம். சாப்பாட்டைப் பற்றி அமெரிக்கச் சட்டம் நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் ‘வெஜிடேரியன்ஸ் ஒன்லி’ என்று தொங்கும் பலகைக்கு என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ‘என்ன ஆளுங்க?’ என்று கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் ‘என்ன சமைப்பீங்க?’ என்று கேட்பார்கள். ‘இந்தியக் குடும்பத்துக்கு மட்டும்’ என்பதற்குப் பக்கத்தில் அந்த வரி வரும்போது இங்கே இருக்கும் நீதிபதிக்கும் அது சாப்பாட்டு விஷயமாகத் தெரியாது. எண்ணெய்ப் பிசுக்கும் வாடையும்தான் கவலை என்றால், வீட்டைச் சுத்தமாகத் திருப்பித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நம் வீட்டுத் தாளிப்பைவிடவா அவர்கள் சமையலில் புகை வரப்போகிறது?

‘நாமும் சிறுபான்மைதானே’ என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். அதனால்தான் இந்தச் சட்டம் யாருடையது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

1915இல் வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர் மனைவி காலாவோடும் மூன்று மகன்களோடும் கப்பலில் சான் பிரான்சிஸ்கோ வந்து இறங்கினார். வசதியான குடும்பம். பெர்க்லியில் வீடு வாங்கினார்கள். சாமான்களை ஏற்றிக்கொண்டு குடிபோன அன்று, அவர்கள் உள்ளே வராதபடி அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டிவைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கவேண்டாம் என்று அந்த அம்மா சொல்ல, வண்டியைத் திருப்பிவிட்டார்கள். 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் சட்டப்படி வெள்ளையர் அல்ல, குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று தீர்ப்பு வந்தது. ஏற்கனவே வாங்கியிருந்த குடியுரிமையையும் பகாயிடமிருந்து பறித்தார்கள். 1928இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பெர்க்லியில் இன்று ஒரு தெருவுக்குக் காலா பகாயின் பெயர் இருக்கிறது.

செயின்ட் லூயிஸில் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் 1945இல் ஒரு வீடு வாங்கியது. அந்தத் தெருக்காரர்கள் 1911இலேயே பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுதிவைத்திருந்தார்கள்: கறுப்பினத்தவரும் ‘மங்கோலிய’ இனத்தவரும் இங்கே குடியிருக்கக்கூடாது. மங்கோலிய இனத்தவர் என்றால் ஆசியர்கள். இப்படிப்பட்ட நிபந்தனையை எந்த நீதிமன்றமும் அமல்படுத்த முடியாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கதவைத் தட்டியது ஷெல்லி குடும்பம். அது திறந்தபோது ஆசியர்களுக்கும் சேர்த்தே திறந்தது.

அப்புறம் வரிசையாகத் தேதிகளைப் பாருங்கள். 1964இல் சிவில் உரிமைச் சட்டம். 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம். அதே வருடம் அக்டோபரில், நாடுவாரியான பழைய ஒதுக்கீட்டை நீக்கி, நம் போன்றவர்களுக்கு வாசலைத் திறந்த குடியேற்றச் சட்டம். இனம் பார்த்து நடத்துவது வெட்கக்கேடு என்ற எண்ணத்தைத் தெருவில் இறங்கி, அடிவாங்கி, சிறைக்குப் போய் இந்த நாட்டில் உண்டாக்கியது கறுப்பின மக்களின் போராட்டம். அந்தச் சூட்டில்தான் குடியேற்றச் சட்டமும் வந்தது. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், 11ஆம் தேதி, அதுவரை காங்கிரசில் இழுத்துக்கொண்டே கிடந்த ஃபேர் ஹவுசிங் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார். எடிசனில் இன்று ஏறக்குறைய பாதிப் பேர் ஆசியர்கள். ஓக் ட்ரீ ரோட்டில் நாம் முருங்கைக்காய் பொறுக்குகிறோம். நீங்கள் இரண்டு வீடு வாங்கியபோது உங்கள் பெயரைப் பார்த்து எந்த ஏஜென்ட்டும் ‘வீடு போய்விட்டது’ என்று சொல்லத் துணியவில்லை என்றால், அதற்கு இந்தச் சட்டம் ஒரு காரணம். எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்லவில்லை. 1987இல் இதே நியூ ஜெர்சியில், ஜெர்சி சிட்டியில், பொட்டு வைத்த பெண்களைக் குறிவைத்து ‘டாட்பஸ்டர்ஸ்’ என்று ஒரு கும்பல் திரிந்தது.

விலை இறங்கும் என்ற பயத்துக்கு ஒரு பூர்வ கதை இருக்கிறது. 1930களில், வீட்டுக் கடன் சிக்கலைத் தீர்க்கவந்த ஓர் அரசு நிறுவனம், இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வண்ண வரைபடம் தயாரித்தது. பச்சை என்றால் நல்ல பகுதி, சிவப்பு என்றால் ஆபத்து. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவம். அதில் கட்டட வகை, கட்டட வயது, குடும்ப வருமானம் எல்லாம் கேட்டுவிட்டு, கறுப்பினத்தவர் இருக்கிறார்களா, எத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம். யாராவது ‘ஊடுருவுகிறார்களா’ என்று இன்னொரு கட்டம். ஊடுருவல் என்ற சொல்லையே அச்சடித்திருந்தார்கள். 1934இல் வந்த மத்திய வீட்டுவசதி நிர்வாகம், வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கும்போது கறுப்பினத்தவர் பகுதிகளை ஒதுக்கியது. வெள்ளையர் புறநகர்களுக்கு அள்ளிக் கொடுத்தது. கடன் கிடைக்காத தெருவில் விலை இறங்காமல் என்ன செய்யும்? அப்புறம் புரோக்கர்கள் வந்தார்கள். ‘கறுப்பர்கள் வருகிறார்கள், சீக்கிரம் விற்றுவிடுங்கள்’ என்று வெள்ளையரைப் பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்கி, அதே வீட்டைக் கறுப்பினத்தவருக்குக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். 1968 சட்டம் அந்த வியாபாரத்தையும் தடைசெய்தது. உங்கள் கணவரின் நண்பர்கள் சொல்வது அந்தப் புரோக்கர்களின் பழைய வசனம்.

இங்கே சொத்து என்றால் பெரும்பாலான குடும்பங்களுக்கு வீடுதான். அப்பா வாங்கிய வீட்டை வைத்து மகன் படிப்பான், அவன் வாங்குவதை வைத்துப் பேரன். அந்த முதல் படியிலேயே கையைத் தட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதை மத்திய வங்கியின் 2022 கணக்கில் பார்க்கலாம். நடுமட்ட வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், நடுமட்டக் கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். ‘நாம் உழைத்து முன்னேறவில்லையா’ என்று உங்கள் கணவர் கேட்பார். உழைத்தார், மறுக்கவில்லை. ஆனால் குடியேற்றச் சட்டம் நம்மைப் பட்டம் பார்த்துப் பொறுக்கி எடுத்து வரவழைத்தது என்பதையும், நாம் வந்து இறங்கியபோது அந்தச் சிவப்பு வரைபடம் சட்டப்படி செல்லாததாகிவிட்டது என்பதையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

ஹார்வர்ட் தீர்ப்பை அவர் இழுத்தது எனக்குச் சிரிப்பாக இருந்தது. 2023 ஜூன் 29 அன்று வந்த அந்தத் தீர்ப்பு கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியது. வாடகை வீட்டில் யாருக்கும் சலுகை இருந்ததில்லை, அதனால் பறிபோகவும் ஒன்றுமில்லை. அதன் சாரம் என்ன? மாணவரைத் தனி மனிதராகப் பார், இனத்தை வைத்து எடைபோடாதே. உங்கள் கணவருக்கு அந்த வாதம் பிடித்திருந்தால், அதே வாதத்தோடு மேசைமேல் இருக்கும் இரண்டு விண்ணப்பத்தையும் பார்க்கட்டும். ஒன்றில் 738, சம்பளச் சீட்டு, முதலில் வந்த தேதி. இன்னொன்றில் கோயம்புத்தூர்.

இனி செய்யவேண்டியது. வாடகைக்கு இத்தனை மடங்கு வருமானம், இவ்வளவு கிரெடிட் ஸ்கோர், முந்தைய வீட்டுக்காரரின் சான்று என்று உங்கள் நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதுங்கள். யார் வந்தாலும் அதே தாள். முதலில் வந்தவருக்கே தரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் தகுதியுள்ளவர்களில் முதலில் விண்ணப்பித்தவருக்கு என்று வைத்துக்கொண்டால் பின்னால் பதில் சொல்வது சுலபம். டெபாசிட் எல்லோருக்கும் ஒரே தொகை. நியூ ஜெர்சியில் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் கேட்கமுடியாது. பத்து மாத அட்வான்ஸ் பார்த்து வளர்ந்த நமக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்! ‘கணவர் எங்கே?’ என்று அந்த நர்ஸிடம் கேட்காதீர்கள். திருமண நிலையைப் பார்த்து மறுப்பதும் இங்கே தவறு. பிள்ளைகள் சுவரில் கிறுக்கும் என்றும் மறுக்கமுடியாது. 1988இலிருந்து பிள்ளையுள்ள குடும்பங்களுக்கும் மத்தியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. குற்றப் பின்னணியை எடுத்தவுடன் விசாரிக்கக்கூடாது. ‘வீடு உங்களுக்கு’ என்று நிபந்தனையோடு சொன்னபிறகுதான், அதுவும் வரம்புக்குள். இனி யாராவது அரசு வாடகை உதவியோடு, செக்ஷன் 8 என்பார்களே, அதோடு வந்தாலும் அதற்காகவே மறுக்கமுடியாது. கிரெடிட் அறிக்கையைப் பார்த்து ஒருவரை மறுத்தால் அதை அவருக்குத் தெரிவிக்கவேண்டும், எந்த நிறுவனத்தின் அறிக்கை என்பதோடு.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த நர்ஸ் எல்லாவற்றிலும் தேறுகிறார். வழக்கமாகச் செய்யும் சரிபார்ப்பை முடித்துவிட்டு வீட்டை அவருக்குக் கொடுங்கள்.

உங்கள் மகள் விஷயத்தில் நான் வக்கீல்தான், வீட்டுப் பெரியவர் இல்லை. ஆனால் என் மகளும் அந்த வயதைத் தாண்டி வந்தவள்தான். ‘ரேசிஸ்ட்’ என்ற சொல்லை அப்பா மேல் வீசியது அவருக்கு வலித்திருக்கும். அவருக்கும் ஒரு சுருண்ட அட்டை நினைவில் இருக்கலாம், மகளிடம் சொல்லியிருக்கமாட்டார். புது விளம்பரத்தை அவளையே எழுதச் சொல்லலாம். வீட்டைப் பற்றி மட்டும் எழுதவேண்டும், யார் வரவேண்டும் என்று எழுதக்கூடாது: எத்தனை அறை, எவ்வளவு வாடகை, ரயில் நிலையம் எத்தனை நிமிடம், நாய் பூனை உண்டா இல்லையா. அடுத்த தடவைக்கு ஆகும்.

கோயம்புத்தூர்த் தம்பதியையும் அம்போவென்று விடவேண்டாம். கிரெடிட் இல்லாதவர்களுக்கு வேலை உத்தரவும் ஜாமீன் கையெழுத்தும் போதும் என்று ஏற்றுக்கொள்ளும் குடியிருப்புகள் உங்கள் பக்கத்திலேயே இருக்கும், கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். டெபாசிட் கட்டி வாங்கும் கிரெடிட் கார்டு ஒன்றை உடனே எடுக்கச் சொல்லுங்கள், மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினால் ஆறேழு மாதத்தில் ஒரு ஸ்கோர் வந்துவிடும். நர்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபிறகு அவர்களிடம் ‘வீடு போய்விட்டது’ என்று தாராளமாகச் சொல்லலாம். போர்டையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.